காற்று கேட்கும் அளவு

மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலையில் உசிலம்பட்டியைத் தாண்டினால் ஆண்டிபட்டிக் கணவாய் வந்துவிடும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் காற்றை உறிஞ்சி, டர்போவில் அமுக்கி மேலும் சூடாக்கி, ஐந்து பேரைச் சுமந்துகொண்டு அந்த ஏற்றத்தில் ஏறும் ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். அதன் டாங்கில் இருப்பது இப்போது வெறும் பெட்ரோல் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 எரிபொருள் 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் அறிமுகமானது. 2025க்குள் பங்குகளில் கிடைக்கும் வழக்கமான பெட்ரோலே அதுவாகிவிட்டது. இதையொட்டி இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. எத்தனாலுக்கு, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பத்தாது, எஞ்சின் போய்விடும் என்பது ஒன்று. கிடைப்பதிலேயே பெரிய இன்ஜெக்டரைப் போட்டுவிட்டால் கவலையில்லை, பிக்கப்பும் கூடும் என்பது மற்றொன்று. இரண்டுமே கணக்குப் போடாமல் பேசுவது. இன்ஜெக்டரின் அளவை முதலில் தீர்மானிப்பது எஞ்சினுக்குள் போகும் காற்று. அடுத்தது, எரிபொருளைத் தெளிக்கக் கிடைக்கும் நேரம். எத்தனால் அந்தக் கணக்கை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்குகிறது, அவ்வளவுதான். அந்த எண் தெரிந்தவருக்கு அச்சமும் தேவையில்லை, ஆசையும் தேவையில்லை.

எரிபொருள் மாற்றம் மதுரைக்குப் புதிதல்ல. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, தன் பேருந்துகளை ஓட்ட டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியைத் தானே வடிவமைத்துத் தயாரித்தது. அப்படிப்பட்ட கருவியில் கரியைக் குறைந்த காற்றில் எரித்து, வரும் வாயுவை எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். வண்டி ஓடும், ஆனால் இழுவை கணிசமாகக் குறையும். வாயு எரிபொருள் சிலிண்டருக்குள் நிறைய இடத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த அளவுக்குக் காற்றை வெளியே நிறுத்திவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பெட்ரோல் எஞ்சினின் சக்தி எவ்வளவு எரிபொருளை ஊற்றுகிறோம் என்பதில் இல்லை, எவ்வளவு காற்றை உள்ளே கொண்டுவருகிறோம் என்பதில் இருக்கிறது என்பதற்கு அந்தக் காலத்துப் பேருந்துகளே சான்று. டர்போ என்ற கருவி பிறந்ததே இதற்காகத்தான்: வீணாகும் புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுழற்றி, அதே சிலிண்டருக்குள் இன்னும் அதிகக் காற்றைத் திணிப்பது. அப்படித் திணிக்கும் அழுத்தம்தான் பூஸ்ட்.

இந்த இடத்தில் எத்தனாலின் வேதியியலைப் பார்க்க வேண்டும். எத்தனால் மூலக்கூறின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக ஆக்ஸிஜன் இருக்கிறது. அதாவது அது பாதி எரிந்த நிலையிலேயே டாங்குக்கு வருகிறது. அதனால் எரிய வெளிக்காற்று குறைவாகப் போதும். தரும் வெப்பமும் குறைவு. 1 கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 1 கிலோ பெட்ரோல் ஏறக்குறைய 43 மெகாஜூல் வெப்பம் தரும், எத்தனால் 26.8 தரும். இந்த எண்களை மட்டும் பார்ப்பவர்கள் எத்தனால் பலவீனமான எரிபொருள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் எஞ்சின் எரிபொருளைக் கிலோ கணக்கில் உறிஞ்சுவதில்லை. காற்றைத்தான் கிலோ கணக்கில் உறிஞ்சுகிறது. ஆகவே 1 கிலோ காற்றுக்கு எவ்வளவு வெப்பம் என்று வகுத்துப் பார்ப்பதே முறை. பெட்ரோலுக்கு 43ஐ 14.7ஆல் வகுத்தால் 2.93, எத்தனாலுக்கு 26.8ஐ 9ஆல் வகுத்தால் 2.98. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. எத்தனால் ஓட்டத்தில் மைலேஜ் குறையும் என்பது உண்மை. சக்தி குறையும் என்பது, இன்ஜெக்டர் தேவையான அளவைக் கொடுக்காதபோது மட்டுமே உண்மை. இந்த ஒரு நிபந்தனைக்குள்தான் நம் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது.

தேவையான அளவு என்பது எவ்வளவு? இன்ஜெக்டர் எடை பார்த்துத் தெளிப்பதில்லை, கன அளவில் தெளிக்கிறது. எனவே அடர்த்தியையும் சேர்க்க வேண்டும். பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 745 கிராம், எத்தனால் 789 கிராம். கணக்கிட்டால், அதே காற்றுக்குத் தூய எத்தனால் பெட்ரோலைவிட 54 சதவீதம் அதிகக் கன அளவில் வேண்டும். 85 சதவீதக் கலவைக்கு 43 சதவீதம் அதிகம். இ20க்கோ சுமார் ஏழரை சதவீதம்தான். முன்பு விற்ற இ10உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் 4 சதவீதத்துக்கும் குறைவு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கை, தூய பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10க்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் இ20 ஓட்டினால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று சொன்னது. நம் காகிதக் கணக்கும் அதையொட்டியே வருகிறது. கார் தயாரிப்பாளர்கள் சுத்தமில்லாத பெட்ரோல், அடைத்துப்போன வடிகட்டி, மலைச்சாலை எல்லாவற்றையும் நினைத்து இன்ஜெக்டரில் விட்டுவைக்கும் இடைவெளிக்குள் இந்த ஏழரை சதவீதம் பொதுவாக அடங்கிவிடும். பூஸ்டைத் தொடாமல் இ20இல் ஓடும் காருக்கு இன்ஜெக்டர் பத்தாது என்பது ஆதாரமற்ற அச்சம்.

அப்படியானால் யாருக்கு இந்த அளவுப் பிரச்சினை? எத்தனாலின் விகிதத்தை மிக உயர்த்துபவருக்கு. அதைவிட முக்கியமாக, எத்தனாலின் நல்ல குணத்தை நம்பிப் பூஸ்டையும் உயர்த்துபவருக்கு. ஊசி போடும் முன் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்ததும் அந்த இடம் சில்லென்று ஆகிறதல்லவா, அதே குளிர்ச்சி சிலிண்டருக்குள் வேலை செய்கிறது. ஆவியாக மாறும்போது எத்தனால் பெட்ரோலைப்போல இரண்டரை மடங்குக்கும் அதிகமான வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதோடு தெளிக்கப்படும் அளவும் ஒன்றரை மடங்கு. 1 கிலோ காற்றோடு கலக்கும் எத்தனால் முழுவதும் அந்தக் காற்றின் சூட்டை மட்டுமே எடுத்து ஆவியானால், கொள்கையளவில் காற்று 100 டிகிரி குளிரும். பெட்ரோலில் அது 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நடைமுறையில் குழாய்ச் சுவரும் வால்வும் பெரும்பங்கு வெப்பத்தைத் தருவதால் இவ்வளவு கிடைக்காது என்றாலும், மதுரை வெயிலில் கிடைக்கிற ஒவ்வொரு டிகிரியும் லாபம். எத்தனாலின் ஆக்டேன் எண்ணும் 108 அளவில் இருக்கிறது. முன்பு விற்ற சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91, இ20க்கு 95. எனவே கலவை தீப்பொறிக்குக் கட்டுப்படாமல் தானே வெடிக்கும் நாக்கிங் வராமல் பூஸ்டைக் கூட்டலாம்.

இதற்குத் தொழிற்சாலைகளே சாட்சி. 2005இல் வந்த சாப் 9-5 பயோபவர் கார், பெட்ரோலில் 150 குதிரைத்திறனும் 85 சதவீத எத்தனாலில் 180 குதிரைத்திறனும் தந்தது. எஞ்சின் ஒன்றே, எத்தனாலில் பூஸ்டும் தீப்பொறி நேரமும் மாறின. பிரேசிலில் ஃபோக்ஸ்வாகன் விற்கும் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் பெட்ரோலில் 116, எத்தனாலில் 128 குதிரைத்திறன். இந்தக் குடும்பத்து எஞ்சின்தான் இந்தியாவில் 115 குதிரைத்திறனோடு விற்கிறது. எத்தனால் தன் வெப்பத்தால் இந்தக் கூடுதலைத் தந்துவிடவில்லை. கூடுதல் காற்றையும் முன்தள்ளிய தீப்பொறியையும் தாங்குவதால் தருகிறது. தவறு நடப்பது இங்கேதான்: எத்தனாலுக்காக ஒன்றரை மடங்கு என்று கணக்கிட்டு இன்ஜெக்டர் வாங்குகிறார்கள், பிறகு பூஸ்டைக் கூட்டுகிறார்கள், கூடின காற்றுக்கும் எரிபொருள் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். மூன்று சிலிண்டர், 1.2 லிட்டர், வால்வுக்கு முன்னுள்ள குழாயில் தெளிக்கும் வகை, 120 குதிரைத்திறன் உள்ள ஒரு டர்போ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 120 குதிரைத்திறன் என்பது 88 கிலோவாட். முழுச் சக்தியில் இத்தகைய எஞ்சின் ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 330 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று கொண்டால், மணிக்கு 29 கிலோ, அதாவது 39 லிட்டர். மூன்று இன்ஜெக்டருக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 217 சிசி. இன்ஜெக்டர் 80 சதவீத நேரமே திறந்திருக்க வேண்டும் என்று வைத்தால் 270 சிசி இன்ஜெக்டர் தேவை. இ20க்கு இது 290 ஆகும். இந்தியன் ஆயில் 2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 183 பங்குகளில் விற்கத் தொடங்கிய எத்தனால் 100 எரிபொருளில் எத்தனால் 93 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, மீதி பெரும்பாலும் பெட்ரோல். அதற்குப் பெருக்கும் எண் ஏறக்குறைய 1.5, எனவே 405 சிசி. இப்போது பூஸ்டை 0.8 பாரிலிருந்து 1.1 பாராக உயர்த்துங்கள். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் 1.8 என்பது 2.1 ஆகிறது, காற்று 17 சதவீதம் கூடுகிறது. 405 சிசியும் போதாது, 470க்கு மேல் வேண்டும். முதல் கணக்கோடு நின்றவர் 405 சிசி இன்ஜெக்டரோடு கணவாய் ஏறும்போது, அது 93 சதவீத நேரம் திறந்தே கிடக்கும்.

93 சதவீதம் என்றால் இன்னும் 7 சதவீதம் மீதி இருக்கிறதே, 80 என்பது வெறும் சம்பிரதாயம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு சிலிண்டரின் முழுச் சுழற்சி, அதாவது இரண்டு சுற்று, 20 மில்லிவினாடியில் முடிந்துவிடுகிறது. இன்ஜெக்டர் என்பது மின்காந்தம் இழுத்துத் திறக்கும் ஒரு ஊசி. மின்சாரம் வந்ததும் அது உடனே திறப்பதில்லை. சுமார் 1 மில்லிவினாடி பிடிக்கும். மூடவும் நேரம் வேண்டும். 20இல் 19 மில்லிவினாடி திறந்திருக்கக் கட்டளையிட்டால் ஊசிக்கு ஒழுங்காக மூடித் திறக்க அவகாசமில்லை. அது நிரந்தரமாகத் திறந்த குழாய் போலாகிவிடுகிறது. அதற்குமேல் எஞ்சினின் கணினி எவ்வளவு கேட்டாலும் ஒரு சொட்டுகூடக் கூடாது. காற்று மட்டும் கூடும், கலவை மெலியும், டர்போ எஞ்சினில் மெலிந்த கலவை பிஸ்டனை உருக்கும். பழைய பேட்டரியின் குறைந்த மின்னழுத்தம், சூட்டில் தளரும் பம்ப், வடிகட்டியில் சேரும் அழுக்கு எல்லாமே அந்தக் கடைசி இருபது சதவீதத்தைத்தான் தின்கின்றன. நம் கோடையில் அதை 15 ஆக்குவதற்குக்கூட நான் உடன்பட மாட்டேன்.

அடுத்த மறுப்பு: இன்ஜெக்டரை மாற்றுவானேன், எரிபொருள் அழுத்தத்தைக் கூட்டினால் போதாதா? இன்ஜெக்டரின் பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. 3 பாரை 4 ஆக்கினால் கிடைப்பது 15 சதவீதம்தான். ஒன்றரை மடங்கு பாய்ச்சல் வேண்டுமென்றால் அழுத்தம் இரண்டேகால் மடங்காக, 6.75 பாராக வேண்டும். குறைந்த அழுத்தப் பம்ப் அதற்குச் செய்யப்பட்டதல்ல. அழுத்தம் ஏற ஏற அது தள்ளும் அளவும் குறையும். டர்போவில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இன்ஜெக்டரின் மறுமுனை இருப்பது பூஸ்ட் அழுத்தம் நிறைந்த குழாயில். டாங்குக்குள்ளேயே 3 பாரில் நிலைநிறுத்திவிடும் அமைப்பில், பூஸ்ட் 1 பார் வரும்போது இன்ஜெக்டருக்கு இருபுறமும் உள்ள வித்தியாசம் 2 பார்தான். அதிகம் தேவைப்படும் அதே கணத்தில் பாய்ச்சல் 18 சதவீதம் குறைந்துவிடுகிறது. பூஸ்டைக் கவனித்து அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர் உள்ள அமைப்பில் இந்த இழப்பில்லை, ஆனால் சுமை பம்புக்குப் போகிறது. ஆகவே பம்பைக் கணக்கில் சேர்க்காமல் இன்ஜெக்டரை மட்டும் பெரிதாக்குவது அரைவேலை. நம் உதாரணத்தில் மணிக்கு 39 லிட்டர் போதுமாயிருந்த பம்ப், எத்தனாலிலும் கூடிய பூஸ்டிலும் 68 லிட்டர் தர வேண்டும், அதுவும் 4 பார் அழுத்தத்தை எதிர்த்து.

சரி, எல்லாவற்றுக்கும் மேலாக 1000 சிசி இன்ஜெக்டர் ஒன்றைப் போட்டுவிட்டால்? பலரும் விரும்பும் வழி இது. இதன் கேடு மேட்டில் தெரியாது, சிக்னலில் தெரியும். ஐட்லிங்கில் நம் எஞ்சின் மணிக்கு 0.7 லிட்டர் குடிக்கிறது என்று கொள்வோம். 800 சுற்றில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 400 முறை தெளிக்கிறது. ஒரு முறைக்கு ஒரு சிசியில் நூறில் ஒரு பங்கு. 270 சிசி இன்ஜெக்டர் அதைக் கொடுக்க 2.2 மில்லிவினாடி பாய்ந்தால் போதும். 1000 சிசி இன்ஜெக்டருக்கோ 0.6 மில்லிவினாடிக்கும் குறைவு. ஊசி திறக்கவே 1 மில்லிவினாடி ஆகும் கருவியில், முழுதாகத் திறக்குமுன்பே மூடச் சொல்வதுபோல் ஆகிறது இது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு விழும், மூன்று சிலிண்டரும் மூன்று விதமாக எரியும், வண்டி நடுங்கும், புகையில் எரியாத பெட்ரோல் போகும். தரமான புதிய பெரிய இன்ஜெக்டர்கள் குறுகிய துடிப்பிலும் சீராகத் தெளிக்கின்றன என்பது உண்மை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஐட்லிங் பற்றி யாரும் கவலைப்படுவதுமில்லை. எத்தனாலில் தேவையே ஒன்றரை மடங்கு என்பதால் துடிப்பும் அந்த அளவுக்கு நீளும். ஆனால் உசிலம்பட்டியில் நாளை பங்கில் கிடைக்கப்போவது இ20தான். இன்ஜெக்டரின் மேல் எல்லையை அதிக எத்தனால் உள்ள எரிபொருளை வைத்தும், கீழ் எல்லையைக் குறைந்த எத்தனால் உள்ள எரிபொருளின் ஐட்லிங்கை வைத்தும் தீர்மானிக்க வேண்டும். 470 சிசி இன்ஜெக்டர் இ20இல் ஐட்லிங்குக்கு 1.3 மில்லிவினாடி எடுக்கும். அது சமாளிக்கக்கூடியது, 1000 அப்படியல்ல. பிரேசிலில் எத்தனால் கலந்த பெட்ரோலும் (2015 முதல் 2025 வரை 27 சதவீதம்), தனி எத்தனாலும் ஒரே பங்கில் கிடைக்க, இரண்டையும் எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடும் கார்களை அங்கே விற்க முடிவது இந்த இரண்டு எல்லைகளுக்கு இடையில் அளவைத் தேர்ந்ததால்தான்.

ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறதே, கணினி தானே சரிசெய்துகொள்ளாதா என்பதற்கும் பதில் வேண்டும். செய்துகொள்ளும், இ20 அளவுக்கு நிச்சயமாக. புகையில் மீந்த ஆக்ஸிஜனைப் பார்த்து, துடிப்பின் நீளத்தை ஓர் எல்லைக்குள் கூட்டிக் குறைப்பதுதான் அதன் வேலை. ஆனால் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பூஸ்ட் ஏறும் நேரத்தில் பல கார்கள் சென்சாரின் திருத்தத்தை விட்டுவிட்டு, முன்பே எழுதிவைத்த அட்டவணைப்படி தெளிக்கின்றன. திருத்தம் இருந்தாலும், ஏற்கெனவே முழுதாகத் திறந்துவிட்ட இன்ஜெக்டரை எந்தச் சென்சாரும் இன்னும் திறக்கவைக்க முடியாது. இன்ஜெக்டர் மாற்றினால் கணினியிலும் அதன் பாய்ச்சலையும் திறக்கும் நேரத்தையும் எழுதியாக வேண்டும்.

சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் எஞ்சின்களின் நிலை வேறு. இன்று விற்கும் டர்போ பெட்ரோல் கார்களில் பல இந்த வகைதான். வெளிக்குழாயில் தெளிக்கும் எஞ்சினுக்கு 20 மில்லிவினாடி முழுதும் கிடைக்கும். நேரடித் தெளிப்பிலோ காற்று உள்ளே வரும் நேரத்திலும், அமுக்கத்தின் முற்பகுதியிலும் மட்டுமே தெளிக்கலாம். 240 பாகை என்று வைத்தாலும் 6000 சுற்றில் அது 6.7 மில்லிவினாடிதான். எத்தனாலின் குளிர்ச்சி இங்கேதான் முழுமையாகப் பயன்படும், ஆனால் நேரம் இங்கேதான் மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் இயங்கும் இந்த இன்ஜெக்டரும் பம்பும் விலை உயர்ந்தவை; எளிதில் பெரிதாக்க முடியாதவை. இத்தகைய காரில் அதிக எத்தனால் ஓட்ட நினைப்பவர் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

எத்தனாலை வீணாக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரும்பு எத்தனால் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. 58 கிராமக் கால்வாயில் வைகைத் தண்ணீர் வருமா என்று காத்திருக்கும் உசிலம்பட்டிப் பகுதியில் இந்த எண்ணை லேசாகத் தாண்டிப் போக முடியாது. எத்தனாலை வரவேற்பதா வேண்டாமா என்பது பெரிய விவாதம். ஆனால் டாங்குக்கு வந்துசேர்ந்த ஒவ்வொரு லிட்டரும் இவ்வளவு தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தது என்றால், அதைத் தவறான இன்ஜெக்டரால் எரியாத புகையாக வெளியேற்றுவது இரட்டை நஷ்டம். எத்தனாலுக்கு ஏற்றபடி வண்டியைத் தயாரிப்பிலேயே வடிவமைக்க முடியும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் மோட்டார் நிறுவனம், எத்தனாலில் ஓடும் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 200 பைக்கை 2019 ஜூலையிலேயே கொண்டுவந்தது. அதில் டர்போ கிடையாது. என்றாலும் இன்ஜெக்டர், எரிபொருள் குழாய், கணினியின் அட்டவணை எல்லாம் சேர்ந்தே மாற வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது. எத்தனால் நீரை ஈர்க்கும், சில ரப்பர்களை ஊதவைக்கும், சில உலோகங்களை அரிக்கும்; அளவு சரியாக இருந்தும் பொருள் பொருந்தாத இன்ஜெக்டர் நீடிக்காது.

பொதுச்சாலையில் ஓடும் வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. பூஸ்டையும் இன்ஜெக்டரையும் மாற்றும் வேலைக்கு இடம் பந்தயத் தடம்தான். அந்த வேலையில் இறங்குபவர்கள் கடைக்காரரிடம் நான்கு விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: பெட்டியில் எழுதியிருக்கும் சிசி எந்த அழுத்தத்தில் அளந்தது, ஊசி திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எல்லா இன்ஜெக்டரையும் ஒன்றாகச் சோதித்த அட்டவணை இருக்கிறதா, உள்ளே இருக்கும் ரப்பர் எத்தனாலைத் தாங்குமா. இந்த நான்குக்கும் பதில் இல்லாத இன்ஜெக்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.